பச்சைக் கோட்டின் பிசிறு

இதை எழுத வேண்டும் என்று நினைத்து எத்தனையோ குளிர்காலம் போய்விட்டது. நோட்டை எடுப்பேன், பிஸ்மி சொல்லி இரண்டு வரி எழுதுவேன், மூடி வைத்துவிடுவேன். எட்டாவதோடு படிப்பை விட்டவன் எழுதி யார் படிப்பது என்ற கூச்சம் ஒரு பக்கம். ஐந்து நேரம் தொழுகிற மனுஷன், இங்கிலாந்துக்காரர்கள் தைத்த கோட்டுகளைப் பார்த்து மயங்கிக் கிடந்தேன் என்று எழுதினால், பள்ளிவாசலில் தோளோடு தோள் நிற்பவர் என்ன நினைப்பார் என்ற பயம் இன்னொரு பக்கம். எல்லாவற்றுக்கும் மேலே, இதில் நான் செய்த தவறு ஒன்று இருக்கிறது. அதை விட்டுவிட்டு மற்றதை மட்டும் சொல்ல மனசு ஒப்பவில்லை. அதைச் சொல்லவும் வாய் வரவில்லை. இப்போது சொல்லிவிடுகிறேன்.

நான் தையல்காரன். நியூ ஜெர்ஸியில் எடிசன் ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு டிரை கிளீனிங் கடை. அதன் முன்பக்கக் கண்ணாடியை ஒட்டி என் மெஷின். பேன்ட் நீளம் குறைப்பது, இடுப்பு பிடிப்பது, ஜிப் மாற்றுவது, பட்டன் தைப்பது, இதுதான் வேலை. புதிதாக எதையும் தைப்பதில்லை. அண்ணன் போட்ட மனுவில் பல வருஷம் காத்திருந்து கிரீன் கார்டு கிடைத்து, மனைவியோடு இங்கே வந்தேன். மகள் இங்கேயே பிறந்தாள்.

காலையில் மன்ஹாட்டன் ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர்கள் கையில் மடித்துக்கொண்டு வந்த துணியைக் கவுண்டரில் போட்டுவிட்டுப் பறப்பார்கள். ரயில் போன பிறகு தெரு அமைதியாகிவிடும். கடையில் நானும், முதலாளியும், தலைக்கு மேலே கம்பியில் தொங்குகிற கோட்டுகளும்தான். முதலாளி பட்டனை அழுத்தினால் அந்தக் கம்பி மெல்ல நகரும். பிளாஸ்டிக் உறைக்குள்ளே கோட்டுகள் வரிசையாக, ஒரு சத்தமும் இல்லாமல், எங்கேயோ போகிறவர்கள் மாதிரி என்னைக் கடந்து போகும்.

முதலில் என்னை மயக்கியது ஒரு சாம்பல் நிறக் கோட்டு. வெளியே பார்த்தால் சிரிக்கவே தெரியாத ஆபீசர் மாதிரி இருந்தது. கைப்பக்கம் லைனிங் கிழிந்திருந்ததால் உள்ளே திருப்பினேன். திருப்பியவன் அப்படியே நின்றுவிட்டேன். உள்ளே ஒரே பூவாக இருந்தது. பீர்க்கம்பூ மஞ்சள், கனகாம்பரச் சிவப்பு, பேர் தெரியாத ஊதா. உள்பாக்கெட்டின் அடியில், கை விட்டால்கூடக் கண்ணுக்குப் படாத இடத்தில், கோடு போட்ட பட்டுத் துணி ஒன்று. இதை யார் பார்க்கப்போகிறார்கள்? போடுகிறவருக்கே மறந்துபோகும். ஆனாலும் தைத்திருக்கிறார். காட்டிக்கொள்ளாமல் ஸதகா என்கிற தர்மம் கொடுக்கிற மனுஷர் ஒருவரைப் பார்த்த மாதிரி இருந்தது எனக்கு. கழுத்துப் பட்டையில் லண்டன் என்று எழுதியிருந்தது.

அன்றிலிருந்து பிரிட்டனிலிருந்து வந்த துணி என்றால் முதலில் உள்பக்கத்தைத்தான் பார்ப்பேன். அதை வடிவமைத்தவர்களின் பேர்களை இங்கே எழுதப்போவதில்லை. யார் எந்தக் கோட்டைக் கொண்டுவந்தார் என்பது அவரவர் விஷயம். நானாக வைத்த பேர்கள் போதும். அந்த முதல் ஆள் உள்பூக்காரர். இன்னொருவர் கத்திக்காரர். அவர் வெட்டிய தோள் அவ்வளவு கூராக இருக்கும். இடுப்பில் இறுக்கிப் பிடித்து, அதற்குக் கீழே சட்டென்று விட்டுவிடுவார். அதைப் போட்டுக்கொண்டு யாரும் கூனிக்கொண்டு நிற்க முடியாது. மூன்றாவது ஒரு பெண்மணி, கட்டம்மா. கட்டம் போட்ட கம்பளியை நேராக வெட்டமாட்டார், கோணலாக வெட்டுவார். நம் ஊர் டெய்லர் அப்படி வெட்டினால் வாடிக்கையாளர் அடிக்க வருவார். அவர் வெட்டினால் அது காற்றில் சாய்ந்து பெய்கிற மழை மாதிரி விழும். நாள் போகப்போக லேபிளைப் பார்க்காமலே, தையலைத் தடவிப் பார்த்தே, இது யார் கை என்று சொல்லிவிடுவேன்.

லைப்ரரியில் இவர்களைப் பற்றிப் பெரிய பெரிய படப் புத்தகங்கள் இருக்கின்றன என்று கண்டுபிடித்தது மகள். அப்போது அவள் ஹைஸ்கூல். வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்னைக் கூட்டிப்போவாள். உடம்பைக் காட்டுகிற பக்கம் வந்தால் அவளே இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பிடித்துப் புரட்டிவிடுவாள்.

"ஸ்கிப், ஸ்கிப்… ஓகே அத்தா, நவ் யூ கேன் லுக்."

அவள் ஆங்கிலத்தில் வாசித்துச் சொல்வாள், நான் தமிழில் கேள்வி கேட்பேன். என் கேள்வி எல்லாம் தையலைப் பற்றி. பதில் புத்தகத்தில் இருக்காது.

வீட்டில் மனைவி கிண்டல் பண்ணுவாள். "ஊர்ல பொம்பளைங்க எல்லாம் புருஷன் கிரிக்கெட்டே கதின்னு கெடக்குறாருன்னு பொலம்புறாளுங்க. எங்க வீட்ல கோட்டோட உள்பக்கம். யார்கிட்ட போய்ச் சொல்றது இதை?"

"அழகும் அல்லா கொடுத்ததுதானே?"

"அல்லா கொடுத்த அழகு அடுப்படியில நிக்குது. திரும்பிப் பாருங்க."

நான் லண்டனைப் பார்த்ததில்லை. ஆனால் மத்தியானம் மெஷின் ஓடுகிற சத்தத்தில் கண் லேசாகச் சொருகும்போது, எனக்கென்று ஒரு லண்டன் வந்துவிடும். அங்கே எப்போதும் சாரல். தெருவெல்லாம் கம்பளி வாசனை. உள்பூக்காரர் ஒரு ஜன்னலில், கத்திக்காரர் அடுத்த ஜன்னலில், தலை குனிந்து வேலை செய்துகொண்டிருப்பார்கள். நான் தெருவில் நடந்து போவேன். யாரும் நிமிர்ந்து பார்க்கமாட்டார்கள். அதுவே எனக்குப் போதுமாக இருக்கும்.

இங்கே என் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். வாடிக்கையாளர் துணியிலிருந்து எதை வெட்டினாலும், விரல் அகலத் துண்டாக இருந்தாலும், அதைச் சின்னக் கவரில் போட்டு அந்தத் துணியோடேயே குத்திக் கொடுத்துவிடுவேன். துணி அமானிதம், நம்பி ஒப்படைத்த பொருள். அதில் ஒரு நூல்கூட என்னுடையதில்லை. அமெரிக்கர்கள் கவரைத் திறந்து பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். இந்த விஷயத்தில் நான் சுத்தமானவன் என்று எனக்குள்ளே ஒரு எண்ணம் இருந்தது.

அந்த எண்ணத்தோடு இருந்த ஒரு நவம்பர் காலையில் டாக்டரம்மா வந்தார். சென்னைக்காரர், மன்ஹாட்டனில் ஆஸ்பத்திரி வேலை. எங்கள் கடையில் தமிழ் பேசுகிற ஒரே வாடிக்கையாளர். கையில் ஒரு பச்சைக் கோட்டு.

"பாய், இந்த ரெண்டாவது பட்டன் ஆடுது. டைட் பண்ணிக் குடுங்க. அது மட்டும்தான்."

"சாயங்காலமே தந்துடறேன் டாக்டரம்மா."

"வேணாம், எனக்கு டியூட்டி இருக்கு. சாட்டர்டே காலையில பிக்கப் பண்ணிக்கறேன். ஐயோ, டிரெயின் வந்துடுச்சு!"

அது மட்டும்தான் என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது. கையில் விழவில்லை.

பட்டன் வேலை ஐந்து நிமிஷம். முடித்துவிட்டுக் கோட்டை விரித்தேன். பாசி படிந்த குளத்தின் பச்சை. கனமான கம்பளி. கழுத்து லேபிளை அவரே எப்போதோ பிரித்து எடுத்திருந்தார். தோளைத் தடவினால் பழகாத கை, ஆனால் பெரிய கை. அப்படியே கீழே வந்தேன். கீழ் ஓரம் மடிக்கப்படவே இல்லை. சுற்றிலும் இரண்டு விரல் நீளத்துக்குப் பிசிறு, ஒன்று நீளம், ஒன்று குட்டை. எனக்குப் பாவமாகிவிட்டது. யாரோ ஒரு அவசரக்காரன் நீளத்தை இறக்கிவிட்டு மடித்துத் தைக்காமலே கொடுத்திருக்கிறான், ராத்திரி பகல் பார்க்காமல் உழைக்கிற அம்மா அதைக் கவனிக்கவும் நேரமில்லாமல் போட்டுக்கொண்டு திரிகிறார் என்று நினைத்தேன். கேட்டால் வேண்டாம் என்பார். கேட்காமல் செய்து கொடுத்தால் சந்தோஷப்படுவார்.

பிஸ்மி சொல்லிக் கத்தரியை எடுத்தேன். இடது முன்பக்கம் ஒரு ஜாண் அளவுக்குப் பிசிறை ஒட்ட வெட்டினேன். பிறகு, மீதியை வெட்டாமல் உள்ளேயே மடித்தால் துணி கனத்தோடு விழும் என்று தோன்றியது. மடித்தேன். மூன்று நாள், மற்ற வேலைகளுக்கு நடுவில், கைத்தையல். அதே பச்சையில் நூல் தேடி, நம்மூர்க் கடைகள் இருக்கிற ஓக் ட்ரீ ரோடு வரைக்கும் போய் வந்தேன். வெளியே ஒரு புள்ளி தெரியாது. ஈரத் துணி போட்டு இஸ்திரி பண்ணித் தொங்கவிட்டபோது, இதை லண்டனில் ஒருவர் பார்த்தால் மெச்சுவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். மறைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை லைப்ரரியில் மகள் புதுப் புத்தகம் ஒன்றை எடுத்து வந்தாள். பாதி புரட்டியிருப்பாள்.

"வெயிட்," என்றேன்.

அந்தப் பக்கத்தில் என் பச்சைக் கோட்டு. நிறம் வேறு, செங்கல் நிறம். ஆனால் அதே தோள், அதே பட்டன் இடம். கீழே சுற்றிலும் பிசிறு, ஒன்று நீளம், ஒன்று குட்டை. அடுத்த பக்கத்திலும் பிசிறு. அதற்கடுத்த பக்கத்திலும்.

"இது என்னம்மா, ஓரம் அடிக்காம விட்டிருக்காங்க?"

அவள் விரல் வைத்து வாசித்தாள். "இட்ஸ் ஆன் பர்ப்பஸ், அத்தா. தட்ஸ் ஹெர் ஸ்டைல். ஷீ நெவர் டச்சஸ் தட் எட்ஜ்." எனக்குப் புரியவில்லை என்று நினைத்துத் தமிழிலும் சொன்னாள். "வேணும்னே விட்டது."

எனக்கு முதல் தடவையிலேயே புரிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அரிசி களைந்துகொண்டிருந்தவள் கையை எடுக்காமலே, "நல்லாத்தானே தச்சிருக்கீங்க? அவங்களுக்குத் தெரியவா போகுது?" என்றாள். இரண்டு தண்ணீர் மாற்றிய பிறகு அவளே சொன்னாள். "ஆனா கேக்காமதானே செஞ்சீங்க?"

அதுதான். இறைவனுக்குச் செய்த குறை என்றால் அவனிடம் அழுது கேட்கலாம், அவன் மன்னிப்பவன். மனுஷருக்குச் செய்த குறையை அந்த மனுஷர்தான் முதலில் மன்னிக்க வேண்டும். அவர் வாயால் மன்னித்தேன் என்று வராமல், நான் எத்தனை ரக்அத் தொழுதாலும் அந்த ஓரம் மூடாது.

சனிக்கிழமை அதிகாலை ஃபஜர் தொழுதுவிட்டு, விடியும்போதே கடையைத் திறந்தேன். மூன்று நாள் தைத்ததை ஒரு மணி நேரத்தில் பிரித்தேன். ஆவி காட்டினேன். மடங்கிக் கிடந்த பிசிறு மெல்ல நிமிர்ந்து இறங்கியது. இடது பக்கத்து ஒரு ஜாண் மட்டும் மொட்டையாக நின்றது.

அதற்கும் வழி இருந்தது. குறுக்கு நூல் கொஞ்சம் உருவி எடுத்தால் அந்த ஒரு ஜாணிலும் புதுப் பிசிறு வந்துவிடும். ஏற்கெனவே நீளமும் குட்டையுமாக இருக்கிற ஓரம். உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. முதலாளியும் வந்து பார்த்துவிட்டு, "இழுத்துவிடு, பேசாமல் கொடுத்துவிடு, யாருக்குத் தெரியும்?" என்றார். ஊசி முனையை முதல் நூலுக்கு அடியில் கொடுத்துவிட்டேன். நூல் கொஞ்சம் எழும்பியும் வந்தது. அங்கேயே கை நின்றது. கேட்காமல் செய்த தவறைக் கேட்காமலே திருத்துவதா? இரண்டாவது தடவையும் அதே தவறுதானே? ஊசியை எடுத்துக் குஷனில் குத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

டாக்டரம்மா பத்து மணிக்கு வந்தார். கோட்டைக் கவுண்டரில் விரித்து வைத்து, எல்லாவற்றையும் சொன்னேன். வெட்டின நூல்கள் இருந்த கவரையும் பக்கத்தில் வைத்தேன். அவர் அந்த மொட்டை இடத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

"பாய், பட்டன் மட்டும்னுதானே சொன்னேன்?"

"ஆமா டாக்டரம்மா."

"ஊசி போட வந்த பேஷன்ட்டுக்கு, பாவமா இருக்குன்னு நான் அப்பெண்டிக்ஸையும் சேர்த்து எடுத்துடலாமா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"லண்டனுக்குப் பரீட்சை எழுதப் போனப்போ கடைக் கண்ணாடியில பார்த்தது இது. அப்போ வாங்க முடியல. ரெண்டு வருஷம் கழிச்சுப் போய் வாங்கினேன். வீட்டுக்கு வந்ததும் எங்கம்மா பார்த்துட்டு, 'ஏண்டி, டெய்லருக்கு என்ன அவசரம்? முடிக்கறதுக்குள்ள பிடுங்கிட்டு வந்துட்டியா?'ன்னாங்க." அவர் முகத்தில் சிரிப்பு வருகிற மாதிரி வந்து, வராமல் போனது. "எங்கம்மாகூட அதுல கை வைக்கல பாய்."

"நீங்க சொன்னா நூல் உருவி அந்த எடத்தை மட்டும் சரி பண்ணிடலாம்."

"வேணாம். இனிமே இதை யாரும் தொட வேணாம்."

"டாக்டரம்மா, மன்னிச்சு ஹலாலாக்கிடுங்க."

அவர் கோட்டை எடுத்துக்கொண்டார். கவரையும் எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டார். பதில் சொல்லாமல் போய்விட்டார்.

அந்தக் குளிர்காலம் எனக்கு நீளமாகப் போனது. கடையின் பின்பக்கம், கோட்டுகள் தொங்குகிற இடத்தில்தான் மத்தியானத்து லுஹர் தொழுவேன். நெற்றியைத் தரையில் வைத்த ஸஜ்தாவிலிருந்து எழும்போது ஏதாவது ஒரு கோட்டின் கை தோளில் உரசும். முன்பெல்லாம் அது சுகமாக இருக்கும். இப்போது யாரோ தொட்டுக் கணக்குக் கேட்கிற மாதிரி இருந்தது. துஆவில் டாக்டரம்மா பேரைச் சொல்லி, அந்த மனசை இளக்கு ரஹ்மானே என்று கேட்பேன்.

லைப்ரரிக்குப் போவதை நிறுத்தவில்லை. அந்தப் புத்தகத்தையே திரும்பத் திரும்பப் பார்த்தேன். அந்தக் கோட்டை வடிவமைத்த பெண்மணிக்கு நான் வைத்த பேர் பிசிறம்மா. மற்றவர்கள் எல்லாரும் வேலையை உள்ளே மறைக்கிறார்கள், நானும் அப்படித்தான் பழகியவன். இவர் மட்டும் துணி தறியிலிருந்து எப்படி இறங்கியதோ அப்படியே விட்டு, நூலும் நூலும் கை கோத்திருப்பதைப் பார் என்கிறார். போட்டு நடக்க நடக்க அது இன்னும் கொஞ்சம் அவிழும். அவிழட்டும் என்று விட்டுவிட ஒரு துணிச்சல் வேண்டும். எனக்கு அது கிடையாது. அதனால்தானோ என்னவோ, நால்வரில் இவரைத்தான் இப்போது அதிகம் பிடிக்கிறது.

ஒரு நாள் ஃபஜருக்குப் பிறகு கண்ணயர்ந்தபோது என்னுடைய அந்த லண்டன் வந்தது. சாரல், கம்பளி வாசனை. மூன்றாவதாக ஒரு ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே நீளமான மேஜை, அதன் விளிம்பெல்லாம் பச்சை நூல் தொங்கி லேசாக ஆடுகிறது. முகம் தெரியாத ஒரு அம்மா நின்றுகொண்டு வேலை செய்கிறார். நான் வாசலில் நிற்கிறேன். அவர் திட்டவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. காலியாக இருந்த நாற்காலியைக் கையால் காட்டினார். உட்கார்ந்தேன். என் கையில் கத்தரி இல்லை. வெகு நேரம் அப்படியே உட்கார்ந்து அந்த நூல்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விழித்தபோது முகம் நனைந்திருந்தது.

பனி கொட்டின ஒரு காலையில் டாக்டரம்மாவைக் கண்ணாடி வழியே பார்த்தேன். ஸ்டேஷனுக்கு நடந்துகொண்டிருந்தார். பச்சைக் கோட்டு. வெள்ளைத் தெருவில் அந்தப் பச்சை மட்டும் நகர்ந்தது. காலடியில் பிசிறு தண்ணீரில் கிடக்கிற பாசி மாதிரி அலைந்தது. இடது பக்கத்தில் மட்டும் ஒரு ஜாண் அசையாமல் போனது. ஓடிப் போய் நிறுத்தி இன்னொரு தடவை கேட்டுவிடலாமா என்று எழுந்தேன். மன்னிப்பு அவராகத் தர வேண்டியது என்று உட்கார்ந்துவிட்டேன். பிசிறம்மா தைத்ததோடு இனி எப்போதும் என் தவறும் சேர்ந்து நடக்கும்.

நோன்புக்கு ஒரு வாரம் முன்னால் கடைக் கதவு மணி அடித்தது. டாக்டரம்மா. கவுண்டரில் ஒரு கறுப்பு பேன்ட்டை வைத்தார். அதில் ஒரு காகிதம் குத்தியிருந்தது. தமிழில், குழந்தைக்கு எழுதுகிற மாதிரி பெரிய பெரிய எழுத்தில்: பாய், ஜிப் மட்டும்.

"படிச்சீங்களா?"

"படிச்சேன் டாக்டரம்மா."

"என்ன போட்டிருக்கு? சத்தமா சொல்லுங்க."

"ஜிப் மட்டும்."

"கால் கீழ ஒரு ஓட்டை இருக்கு. பார்த்தா பாவமா இருக்கும். பாவமா இருந்தா என்ன பண்ணுவீங்க?"

"உங்களுக்கு ஃபோன் பண்ணுவேன்."

"ம். தேறிட்டீங்க." சிரித்துவிட்டார். "ஆஸ்பத்திரியில ஒரு நர்ஸ் கேட்டா, ஏன் டாக்டர் இந்த எடத்துல மட்டும் ஷார்ட்டா இருக்குன்னு. எங்க பாய்க்கு என் மேல பாசம் கொஞ்சம் அதிகமாயிடுச்சு, அதான்னு சொன்னேன்."

"மன்னிச்சுட்டீங்களா?"

"மன்னிப்பெல்லாம் அன்னிக்கே குடுத்திருப்பேன் பாய். கோவம்தான் போகல. கோவத்தோட குடுத்தா அது கிழிசல். கோவம் போனதும் வந்துட்டேன். மன்னிச்சாச்சு, போங்க. அந்தக் கவர் மட்டும் என்கிட்டயே இருக்கட்டும்."

அன்று லுஹரில் என் நெற்றி தரையிலிருந்து எழ மனசில்லாமல் கிடந்தது.

போன வருஷம் டாக்டரம்மா வேலையை விட்டுவிட்டு மகனோடு இருக்க டெக்ஸாஸ் போனார். கிளம்புவதற்கு முன் கடைக்கு வந்தார். வெயில் நாள், கோட்டு கையில் மடித்துத் தொங்கியது. அவருடைய விஷயத்தை எழுத அவர் உத்தரவு வேண்டும் என்பதும் என் தயக்கத்தில் ஒரு பாதி. கேட்டேன்.

"தாராளமா எழுதுங்க. ஆனா உங்க புத்தி எனக்குத் தெரியும். ஓரத்தை எல்லாம் உள்ள மடிச்சு அழகா தச்சுடுவீங்க. அப்படிப் பண்ணக்கூடாது. பிசிறோட எழுதுங்க."

எழுதிவிட்டேன். மகள் கம்ப்யூட்டரில் அடித்துத் தந்தாள். இரண்டு இடத்தில் திருத்தட்டுமா என்றாள், வேண்டாம் என்றேன். இனி இது உங்கள் கையில் இருக்கிறது, அமானிதமாக. உங்களுக்குத் தெரிந்த ஒருவருக்கு, தையல் தெரிந்தவரோ தெரியாதவரோ, இதைச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். சொல்லும்போது என்னை இதைவிட நல்லவனாக்க வேண்டாம், டாக்டரம்மாவைச் சீக்கிரம் மன்னிக்கவைக்கவும் வேண்டாம். நான் எழுதத் தெரியாமல் விட்ட இடம் இருந்தால் அதை நிரப்ப வேண்டாம். நீளம் நீளமாக, குட்டை குட்டையாக, அந்த ஒரு ஜாண் மொட்டை மொட்டையாக, வந்தபடியே கொடுத்துவிடுங்கள்.